அந்துப்பூச்சிக்கு அரைக்கால் சட்டை

பயிர்ப் பாதுகாப்பு அலுவலகத்தில் எனக்கு ஓவியர் வேலை. ஆண் பூச்சிகளின் இனப்பெருக்க உறுப்பை வரைவதே என் உத்தியோகம். சிரிக்காதீர்கள். சில அந்துப்பூச்சிகள் இறக்கை, மீசை எல்லாம் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். வால் நுனியை வெட்டி, காரக் கரைசலில் ஊறவைத்து, உள்ளே இருக்கும், பெண்பூச்சியைப் பற்றும் கவ்வுறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். அது வளைந்திருந்தால் இவன் பெற்ற புழுக்கள் தக்காளியைத் துளைக்கும். நேராக இருந்தால் களையைத் தின்னும் அப்பாவிகள்.

ஒருநாள் தக்காளித் தோட்டக்காரம்மா ஒருவர் டப்பாவில் பூச்சியோடு வந்தார். "மருந்தடிக்க அனுமதி வேணும் சார். இந்த அறுவடையை நம்பித்தான் மகளை வெளியூர்ல படிக்க வச்சிருக்கேன்."

வரைந்தேன். சந்தேகமே இல்லை, வளைவுதான். படத்தை மேலதிகாரி மேஜையில் வைத்தேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்னய்யா இது அசிங்கம்? பொம்பளைங்க வேலை பார்க்கிற இடம்!"

"பூச்சியோடது சார்."

"யாரோடதா இருந்தா என்ன? மறைச்சு வரைஞ்சு கொண்டா."

உத்தரவை மீற நான் யார்? அரைக்கால் சட்டை மாட்டி வரைந்து கொடுத்தேன். கோப்பு திரும்பி வந்தது: 'படம் கண்ணியமாக உள்ளது. ஆயினும் பூச்சி இன்னதெனப் புலப்படவில்லை. அனுமதி மறுக்கப்படுகிறது.'

தோட்டக்காரம்மா அழுதே விட்டார். பழைய படத்தையே பாருங்கள் என்று மேலதிகாரியோடு மல்லுக்கு நின்றேன். அதன் பலனாக, மேற்படி உறுப்பு ஆபாசமா அல்லவா என்று ஆராய எழுவர் குழு அமைக்கப்பட்டது. ஆராய வேண்டுமென்றால் பார்க்க வேண்டுமே! ஆளுக்கொரு பிரதி. கண்ணாடி போட்டவர்களுக்குப் பெரிதாக்கிய பிரதி. தட்டச்சுப் பிரிவு அம்மாக்களும் கருத்துச் சொல்வதற்காக நாலு பிரதி கேட்டு வாங்கினார்கள்.

ஐந்து வாரம் கண் வலிக்க ஆராய்ந்து, 'ஆபாசமே. ஆயினும் அலுவல் நிமித்தமான ஆபாசம்' என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். அனுமதி கையெழுத்தாயிற்று.

தோட்டக்காரம்மாவை வரவழைத்தோம். அலுவலகமே கூடி நின்றது. மேலதிகாரி படத்தை உயர்த்திப் பிடித்தார். "காய்ப்புழுவேதான்மா! வளைவைப் பாருங்க, எவ்வளவு தெளிவு!"

"செடியெல்லாம் பிடுங்கி எரிச்சாச்சு சார்," என்றார் அவர். "மகளும் படிப்பை விட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டா."

மேலதிகாரி தொண்டையைச் செருமினார். "வந்தது வந்தீங்க, படத்துல ஒண்ணு எடுத்துட்டுப் போங்கம்மா. நம்ம ஆளு பிரமாதமா வரைஞ்சிருக்கார்."

எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கீழே கையெழுத்துப் போட்டு, இரண்டு கையாலும் அந்த அம்மாவிடம் நீட்டினேன்.