கதிரை அங்கிளும் இரண்டாவது கதிரையும்

மட்டக்களப்பில் ஒருத்தரையும் நிம்மதியாக உட்கார விடாத ஒரே மனிதர் எங்கள் கதிரை அங்கிள்தான்.

போர்த்துக்கீச வழிவந்த பறங்கியர். இரும்புப் பட்டறை வைத்திருந்தார். நாம் கதிரையில் சாய்ந்தவுடன் ஆரம்பித்துவிடுவார். நாற்காலிக்கு நாம் சொல்லும் கதிரை போர்த்துக்கீசரின் ‘கதெய்ரா’வாம். அதற்குத் தாய் லத்தீனின் ‘கத்தெட்ரா’வாம். கத்தோலிக்க ஆயர் அமர்ந்து போதிக்கிற ஆசனமாம். அதே சொல் ஸ்பானியரிடம் போய் இடுப்பாகிவிட்டதாம். இந்த இடம் வந்ததும் தன் இடுப்பில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார்.

செத்தவீட்டு வாடகைக் கதிரைகளையும் அவர் விட்டுவைத்ததில்லை. அங்கே தப்பியவர் பெட்டிக்குள் கிடந்தவர் மட்டும்தான். அங்கிளைத் தூரத்தில் கண்டாலே ஆட்கள் பாயை விரித்துத் தரையில் அமர்ந்துவிடுவார்கள்.

அலுக்காமல் கேட்டவர் அவர் மனைவி ஒருவர்தான். எதிர்க் கதிரையில் இறால் உரித்தபடி இருப்பார். அங்கிள் லத்தீனில் மூச்சு வாங்க நிறுத்தும்போது, “மறுகா?” என்பார். பிறகு என்ன என்று எங்கள் ஊரில் கேட்பது அப்படித்தான். உடனே அங்கிள் ஸ்பெயினுக்குப் போய்விடுவார்.

சுனாமி அந்த அம்மாவைக் கொண்டுபோனது. வீட்டையும் பட்டறையையும்கூட.

புதுவீடு கொடுத்தபோது ஆளுக்கொரு பிளாஸ்டிக் கதிரை பகிர்ந்தார்கள். அங்கிள் இரண்டு கேட்டார். தனி ஆளுக்கு ஒன்றுதான் என்றார் பகிர வந்தவர். ஊரே ஒரு பிரசங்கத்துக்குத் தயாரானது. அங்கிள் பிரசங்கம் செய்யவில்லை.

“ஒரு கதிரையில இரிந்து ஆரோட மனே கதைக்கிற?” என்றார்.

இரண்டாவது கதிரையும் கிடைத்தது.

சண்டை முடிந்து பாதை திறந்தபின் கொழும்பிலிருந்து போய் அவரைப் பார்த்தேன். இரண்டாவது கதிரை உறை பிரிக்காமலே எதிரில் கிடந்தது. உறையைக் கிழித்து, “இரிங்க மனே” என்றார். அமர்ந்தேன். கதிரையைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. பயந்துபோனேன். அந்த வீட்டு அமைதி என்னாலேயே தாங்க முடியாததாக இருந்தது.

“அங்கிள், கதிரை எண்டது ஆர்ர சொல்லு?” என்றேன்.

என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிப் போர்த்துக்கீசரிடம் தொடங்கினார். லத்தீனுக்கு வந்தார். ஆயரை ஆசனத்தில் அமர்த்தினார். அங்கே நின்றுவிட்டார். கண் என் கதிரையிலேயே இருந்தது.

“மறுகா?” என்றேன்.

அங்கிளின் கை மெல்ல இடுப்புக்குப் போனது. அன்று பின்னேரம் கடைசி பஸ்ஸை நான் வேண்டுமென்றே தவறவிட்டேன்.