நீதிவளவன் அவையில் மாணிக்கம்மாள்

வரலாறு இரண்டு வகைப்படும்: செத்த வரலாறு, உயிருள்ள வரலாறு. முதல் வகை எல்லா ஊர்களிலும் கிடைக்கிறது. இரண்டாவது வகை நெய்வேலி நகரியத்தில், பொங்கல் விடுமுறையில், எங்கள் ‘வாழும் வரலாறு மன்றம்’ போடும் பந்தலுக்குள் மட்டுமே கிடைக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் அடுத்த பொங்கலுக்கு வந்து பார்க்கலாம். நுழைவு இலவசம். வெளியேறுவதுதான் கஷ்டம்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. அரியணைக்குப் பின்னால் வேல் பிடித்து நிற்பவன் நான்தான். அதற்கு முன் நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓரம் நைட் ஷிப்டில் நின்றேன். கண்ணைத் திறந்துகொண்டே தூங்கப் பழகிய பிறகு அங்கே கற்க வேறொன்றும் இல்லாததால் விலகிவிட்டேன். மன்றம் என்னிடம் கண்ட திறமையும் அதுவே.

எங்களுடையது நாடகம் அல்ல. நாடகத்தில் நடிப்பார்கள். இங்கே ‘வாழ்வோம்’. பந்தலில் குத்துவிளக்கு ஏற்றியதிலிருந்து அணைக்கும் வரை யாரும் வேடத்தை விட்டு வெளியே வரக்கூடாது. செல்போன் அடித்தால்கூட “ஏதோ வண்டு” என்றுதான் சொல்ல வேண்டும்.

எந்த அரசரை உயிர்ப்பிப்பது என்று மூன்று கூட்டம் நடந்தது. உண்மையான அரசர் யாரை எடுத்தாலும் ஏதாவது ஒரு சாதிச் சங்கம் போஸ்டர் ஒட்டிவிடும். எனவே பிறக்கவே பிறக்காத ‘நீதிவளவன்’ என்பவரை மன்றமே பெற்றெடுத்தது. வெள்ளாற்றங்கரையில் ஆண்டாராம். வாசலில் மணி கட்டினாராம். யார் அடித்தாலும் நீதி உண்டாம்.

வேடங்கள் கிரேடு வாரியாக ஒதுக்கப்பட்டன. அரசர், மன்றத் தலைவரான அதிகாரி சின்னதுரை. புலவர், அவருக்குக் கீழே வேலை பார்க்கும் அருண்பிரசாத். பெர்மனென்ட் ஊழியர்கள் படைவீரர்கள். கான்ட்ராக்ட் ஆட்கள் யானை. அதிலும் சீனியர் முன்னங்கால். அமைச்சர், துப்புரவு கான்ட்ராக்டர் நெடுமாறன். பந்தல் அவர் செலவு. பந்தல் போட்டவர் அமைச்சராவது எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் வழக்கம் என்பதால் ஆதாரம் தேடவில்லை.

அரசிதான் சிக்கல். அரசி என்றால் இருப்பதிலேயே பெரிய அதிகாரியின் மனைவி பிரபாவதி அம்மாள்தான். அதில் விவாதமே இல்லை. அதனால் அரசி அவைக்குள் வரும்போதெல்லாம் அரசர் எழுந்து நின்றார்.

“வாங்க மேடம்... தேவி!”

“உட்காருங்க சின்னதுரை.”

அரசரைப் பெயர் சொல்லி அழைக்கும் உரிமை பட்டத்தரசிக்கு உண்டு என்று மன்றம் அன்றிரவே தீர்மானம் போட்டது.

புலவரின் பங்கு, அரசனை அஞ்சாமல் இடித்துரைப்பது. அருண்பிரசாத்துக்குப் பதவி உயர்வு நேர்காணல் அடுத்த மாதம். ஆனாலும் அஞ்சவில்லை. நெஞ்சை நிமிர்த்தி இடித்துரைத்தார்: “மன்னா! லீவே எடுக்காமல் உழைக்கிறாயே, இது தகுமா? உன் உடம்பு என்னாவது?” அரசர் தலைகுனிந்து தவறை ஒப்புக்கொண்டார். அவை கண் கலங்கியது.

மணியடிக்கும் குடிமகள் வேடத்துக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. நூல் புடவை கட்ட வேண்டும், அழ வேண்டும் என்றதும் குவார்ட்டர்ஸ் பெண்கள் ஒதுங்கிவிட்டார்கள். நெடுமாறன் பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்த மாணிக்கம்மாளுக்குச் சொல்லி அனுப்பினார். அவர் நெடுமாறனிடம் கூலிக்கு நகரியத்தின் பிளாக் தெருக்களைப் பெருக்கி, சாக்கடை அள்ளிக்கொண்டிருந்தவர். கைக்கு கிளவுஸ் கேட்டார். கேட்ட வாரமே அவருடைய வேலை பாஸை நெடுமாறன் வாங்கி வைத்துக்கொண்டார். பாஸ் இல்லையென்றால் வேலை இல்லை. “வந்து அழுதுட்டுப் போ, அப்புறம் பார்க்கலாம்” என்பதே அமைச்சர் அனுப்பிய அழைப்பு.

மாணிக்கம்மாள் தினமும் மணியடித்தார். யானை தன் பயிரை மிதித்துவிட்டதாக அழுதார். அரசர் ஒரு மூட்டை நெல் வழங்கினார். விளக்கு அணைந்ததும் மூட்டையைத் திரும்ப வாங்கி வைத்தோம்.

கடைசி நாள் விளக்கு ஏற்றுவதற்கு முன் என்னிடம் வந்தார்.

“ஏந் தம்பி, ராசா சொன்னா மந்திரி கேட்டுதான ஆவணும்?”

“அதுதானே முறைங்க அக்கா.”

“வெளக்கு எரியற வரைக்கும் யாரும் மாத்திப் பேசக் கூடாதாமே?”

“கூடாது.”

“அது போதும்” என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனார்.

அன்று முன்வரிசையில் பிரபாவதி அம்மாளின் கணவர், பெரிய அதிகாரி, அமர்ந்திருந்தார். மணி வழக்கத்தைவிட பலமாக அடித்தது.

“குடிமகளே, உன் குறை என்ன? யானை மிதித்ததா?” என்றார் அரசர்.

“யான ஒண்ணும் மிதிக்கலிங்க. தோ நிக்கறாரே மந்திரி, இவருதான் மிதிச்சாரு.”

சிரிப்பு கிளம்பியது. நெடுமாறனின் ஒட்டுமீசை ஒரு பக்கம் விட்டுக்கொண்டது.

“சாக்கட அள்ற கைக்கு கிளவுசு கேட்டங்க. அதுக்கு எம் பாஸப் புடுங்கி வெச்சிகினு, வேல இல்லங்கறாரு. தீவாளியிலேருந்து வூட்ல குந்திகினு கெடக்கறேன். ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்க. எம் பாஸ வாங்கிக் குடுங்க ராசா.”

அரசர் அமைச்சரைப் பார்த்தார். அரசியைப் பார்த்தார். முன்வரிசையைப் பார்த்தார். பெரிய அதிகாரி கைதட்டினார். உடனே அரசருக்கு நீதி எந்தப் பக்கம் என்று விளங்கிவிட்டது.

“அமைச்சரே! இவளது பாஸை இக்கணமே திருப்பிக் கொடும்! கையுறையும் கொடும்!”

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நெடுமாறன் மீசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். “ஆணை, மன்னா.”

அருண்பிரசாத் எழுந்து ‘கையுறை ஈந்த வள்ளல்’ என்று அங்கேயே ஒரு வெண்பா பாடினார். தளை தட்டியது, கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை மாணிக்கம்மாள் என்னைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு மந்தாரக்குப்பத்தில் இருக்கும் நெடுமாறன் ஆபீசுக்குப் போனார்.

“பாஸா? எந்த பாஸ்?”

“தரேன்னு ராசாகிட்ட ஒத்துக்கினிங்களே?”

“நான் எங்கம்மா ஒத்துக்கிட்டேன்? அமைச்சர் ஒத்துக்கிட்டாரு. அவர்கிட்ட போய்க் கேளு.”

“அவரு எப்ப வருவாருங்க?”

“அடுத்த பொங்கலுக்கு.”

அரசரிடம் போனோம். சின்னதுரை கோப்பிலிருந்து தலையைத் தூக்கி அன்பாகச் சிரித்தார்.

“அரசன்னா நாட்டையே எழுதிக் கொடுத்துடலாம்மா. கான்ட்ராக்டர் விஷயத்துல நான் தலையிட முடியுமா? நீ படிச்சவ இல்ல, உனக்குப் புரியாது. ஆனா என்னமா அழுத! பெரிய சாரே பாராட்டினாரு.”

பாராட்டு வெறும் வாயோடு நிற்கவில்லை. அடுத்த ஞாயிறு நடந்த பாராட்டு விழாவில் சிறந்த ‘வாழ்வாளர்’ விருது மாணிக்கம்மாளுக்கு அறிவிக்கப்பட்டது. பிரபாவதி அம்மாள் கேடயத்தை நீட்டினார். மாணிக்கம்மாள் வாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“இத்த நீங்களே வெச்சிக்கிங்கம்மா. எனக்கு பாஸக் குடுங்க.”

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

“பார்த்தீங்களா மேடம்” என்றார் சின்னதுரை, குரல் தழுதழுக்க. “இன்னும் வேடத்தை விட்டு வெளியே வரல!”

அவர் சொன்னது சரி. அரசர் கார்க் கதவைத் திறந்ததும் சின்னதுரை ஆகிவிட்டார். அமைச்சர் மீசையைப் பிய்த்ததும் நெடுமாறன் ஆகிவிட்டார். யானைகூட இரண்டு ஆளாகப் பிரிந்து டீ குடிக்கப் போனது. விடாமல் வாழ்ந்துகொண்டிருப்பவர் மாணிக்கம்மாள் ஒருவர்தான்.

இத்தகைய கலைஞரை இழக்க மன்றம் விரும்பவில்லை. செயற்குழு கூடி, மணியடிக்கும் குடிமகள் வேடம் இனி எல்லா ஆண்டும் அவருக்கே என்று தீர்மானித்தது. பாஸைக் கொடுத்துவிட்டால் அழுகையில் உண்மை குறைந்துவிடுமே என்று நெடுமாறன் கவலை தெரிவித்தார். கவலை ஏகமனதாக ஏற்கப்பட்டது.

எனவே இந்த ஊரில் கான்ட்ராக்ட் ஆட்கள் பெர்மனென்ட் ஆவதே இல்லை என்று இனி யாரும் வாய் திறக்கக் கூடாது. மாணிக்கம்மாள் ஆகிவிட்டார். அழுவதற்கு.