லகுவானந்தரின் தராசு

அந்த வருடம் எங்கள் பக்கத்தில் இரண்டு இடங்களில் கூட்டம் தாங்கவில்லை. ஒன்று மாயவரம் தாலுகா ஆபீஸ் வாசல். நில உச்சவரம்புச் சட்டத்தில் யாருக்கு எவ்வளவு போகும் என்று கேட்க வந்த கூட்டம் அது. இன்னொன்று குத்தாலத்துக் காவிரிக்கரைச் சத்திரம். அங்கே லகுவானந்த சுவாமிகள் உடம்பை இளைக்க வைத்துக்கொண்டிருந்தார். ஆபீசில் நிலத்தைக் குறைத்துக் காட்ட வழி கேட்டவர்கள், சத்திரத்துக்கு வந்து வயிற்றைக் குறைக்க வழி கேட்டார்கள். பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான்.

சத்திரத்து முற்றத்தில் ஒரு தராசு தொங்கியது. எட்டடி நீளத் தேக்குத் தடி, இரண்டு பக்கமும் ஆள் உட்காரும்படியான பலகைத் தட்டுகள், அவற்றின் மேல் பட்டு. தடி முழுக்கச் சாமந்தி மாலை சுற்றியிருக்கும். நடுக்கொக்கி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் ஏற்பாடு என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. பூ நிறைய இருந்தால் பக்தி நிறைய இருப்பதாக அர்த்தம் பண்ணிக்கொள்வது நம் ஊர் வழக்கம்.

சுவாமிகளின் திட்டம் ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நாற்பது பேர் ஒன்றாகச் சேர வேண்டும். இடுப்பில் செம்புக் கயிறு கட்டுவார். பட்டினி கிடக்க வேண்டாம், நடக்க வேண்டாம், எதையும் விட வேண்டாம். ஒவ்வொரு கவளத்துக்கும் முன்னால் ‘ஓம் லகு’ என்று சொன்னால் போதும். மனக்கட்டுப்பாடு? அதைப் பக்தர்களுக்காகச் சுவாமிகளே பார்த்துக்கொள்வார். நாற்பது பேருக்கும் சேர்த்து அவர் விரதம் இருப்பதாகச் சீடர்கள் சொன்னார்கள். நாற்பது பேர் விரதத்தையும் சுமந்த அந்த மனிதருக்குக் கழுத்து எங்கே முடிந்து தோள் எங்கே ஆரம்பிக்கிறது என்பது மட்டும் கடைசிவரை விளங்கவில்லை.

அந்த நாற்பது பேரில் முதல் ஆள் பண்ணையார் குஞ்சிதபாதம். வயது நாற்பத்தெட்டு, எடை நூற்றுப் பன்னிரண்டு கிலோ. நிறைய நிலம் இருந்தது. அதில் கால் வைத்துத்தான் பல வருடம் ஆகியிருந்தது.

அவர் முயற்சி செய்யாதவர் என்று சொல்ல முடியாது. மாயவரத்து டாக்டர், சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இருக்கின்றன, சோற்றைப் பாதியாக்குங்கள், தினம் மூன்று மைல் நடங்கள், மாத்திரையை விடாதீர்கள் என்று சொன்ன அன்றைக்கு மனிதர் நிஜமாகவே பயந்துபோனார். கான்வாஸ் ஷூ வாங்கினார். ராகுகாலம் பார்த்து ஒரு திங்கட்கிழமை கிளம்பினார். முதல் நாள் மதகு வரைக்கும் போனார். இரண்டாம் நாள் மதகில் உட்கார்ந்து பேசிவிட்டுத் திரும்பினார். மூன்றாம் நாள் வானம் மூட்டமாக இருந்தது. நான்காம் நாள் ஷூவைப் போட்டுக்கொண்டு வில்வண்டியில் போய்வந்தார். சோறும் அப்படித்தான். மதியம் பாதி சாப்பிடுவார். மீதிப் பாதி நாலு மணிக்கு உள்ளே போகும், கூடவே அதிரசமும்.

அடுத்த திங்கட்கிழமை மறுபடி ஆரம்பிப்பார். அவர் மனைவி ராசம்மாள் ஒவ்வொரு திங்கட்கிழமையும் நம்பி, ஒவ்வொரு வியாழக்கிழமையும் நம்பிக்கையை இழந்தாள். கேட்டால், மனசு வரமாட்டேன் என்கிறதே, நான் என்ன செய்வேன் என்பார். மனசு என்னவோ கடைசி பஸ் மாதிரி, வந்தால் ஏறிக்கொள்ளலாம் என்று காத்திருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் லகுவானந்தர் வந்தார். அந்த மனசை என்னிடம் கொடுத்துவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். குஞ்சிதபாதத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

இரண்டாவது ஞாயிறு தராசில் இரண்டு கிலோ குறைந்திருந்தது. மூன்றாவது ஞாயிறு மேலும் மூன்று. ஊர் அதிர்ந்தது. ஆளும் கட்சியின் ஒன்றியப் பிரமுகர் இராஜாங்கம் தனக்கும் ஏழு கிலோ போய்விட்டதாகச் சொல்லிப் பூரித்தார். சனிக்கிழமை சாயங்காலம் மைக்கைப் பிடித்து, எதையும் ஏன் என்று கேள் என்று தொண்டை கிழியப் பேசிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் தட்டில் ஏறி உட்காருவது அவருக்குச் சிரமமாக இல்லை. கரைவேட்டிக்கு உள்ளே கட்டிய செம்புக் கயிறு வெளியில் தெரியாது.

ஆறாவது ஞாயிறு குஞ்சிதபாதத்தின் எடை தொண்ணூற்றெட்டு. மாத்திரையில் உடம்பை ஊதவைக்கும் மருந்து இருக்கிறது என்று சுவாமிகள் சொன்னதால் அதைக் காவிரியில் விட்டிருந்தார். காலையில் நெய்ப்பொங்கல், மதியம் முழுச் சோறு, மாலையில் ஒரு தட்டு அசோகா அல்வா. எல்லாம் ‘ஓம் லகு’ சொல்லித்தான். வலது கால் சுண்டுவிரலில் ஒரு புண் வந்து மூன்று வாரமாக ஆறாமல் கறுத்துக்கொண்டு வந்தது. ராசம்மாள் தினம் கழுவி மஞ்சள் வைத்தாள். டாக்டரிடம் போகலாம் என்றால், பழைய கொழுப்பு கால் வழியாக இறங்குகிறது என்று சுவாமிகளே சொல்லிவிட்டார் என்றார்.

நன்றிக்கடனாக ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்கு இருந்தது. சுவாமிகளிடம் ஓர் அறக்கட்டளைப் பத்திரம் தயாராக இருந்தது. வாய்க்கால் ஓரத்து மூன்று ஏக்கரை அதன் பேருக்கு எழுதினால் நிலம் உச்சவரம்புக்கும் தப்பும், புண்ணியமும் சேரும். ஏழாவது ஞாயிறு கையெழுத்து என்று முடிவானது.

அந்த மூன்று ஏக்கரில் பதினோரு வருடமாகக் குத்தகைக்குப் பயிர் வைத்தவர்கள் வைரக்கண்ணுவும் அவன் பெண்டாட்டி அம்சமும். வைரக்கண்ணு கூலிப் போராட்டத்தில் நாற்பது நாள் திருச்சி ஜெயிலில் இருந்தவன். அவன் போய்ப் பேசினால் பேச்சு போலீசில் முடியும் என்று அம்சம்தான் பண்ணை வீட்டுக்கும் சத்திரத்துக்குமாக நடந்தாள். ஐயா பார்க்கவில்லை. அப்புறம் பார்க்கலாம் என்று ஆள் சொல்லும். அவளும் ஒவ்வொரு ஞாயிறும் சத்திரத்து வேப்பமரத்தடியில் காத்திருந்தாள். காத்திருக்கிறவளுக்கு வேறு வேலை என்ன? தராசைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழாவது ஞாயிறுக்கு முந்தின நாள் பண்ணை வீட்டுக் கொல்லைப்புறத்தில் ராசம்மாளிடம் பேச்சுக் கொடுத்தாள். நிலத்தைப் பற்றித்தான் கெஞ்ச வந்திருக்கிறாள் என்று ராசம்மாள் நினைத்தாள். அம்சம் கேட்டது வேறு.

“அம்மா, ஐயா எடை பதினாலு கிலோ குறைஞ்சிருக்குன்னு சொல்றாங்க. வேட்டி மேல கட்டுற அந்தப் பச்சை பெல்ட்டு எத்தனை ஓட்டை உள்ள போயிருக்குங்க?”

பெல்ட் உள்ளே போகவில்லை. ஒரு ஓட்டை வெளியே வந்திருந்தது. போன வாரம் ராசம்மாள் அதைக் கேட்டபோது, முதலில் குறைவது சூட்சும எடை, தூல உடம்புக்குத் தகவல் போய்ச் சேர நாள் ஆகும் என்று சீடர் விளக்கம் கொடுத்திருந்தார்.

கணக்கப்பிள்ளை ரெத்தினத்தின் மனைவியும் அந்த நாற்பதில் ஒருத்தி என்பதை அம்சம் நினைவூட்டினாள். அவள் மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாள், அவளுக்கும் வாரம் தவறாமல் குறைகிறது. நாற்பது பேரில் ஒருவருக்குக்கூட ஏறவில்லை. “ஆளுங்க எல்லாரும் ஒரே மாதிரி இளைக்க மாட்டாங்கம்மா. அளக்குறது கள்ள மரக்காலா இருந்தாத்தான் எல்லாருக்கும் ஒரே மாதிரி குறையும். களத்துல கூலி நெல்லு வாங்கினவங்களுக்கு அது தெரியும்.”

அந்தக் களம் தன் வீட்டுக் களம்தான் என்பது ராசம்மாளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் புண்ணின் நாற்றம் அதைவிடப் பெரிய கவலையாக இருந்தது. என்ன செய்யலாம் என்று கேட்டாள். அம்சம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை சத்திரம் நிரம்பி வழிந்தது. பத்திரம், மைக்கூடு, சாட்சிக்கு இராஜாங்கம் எல்லாம் தயார். குஞ்சிதபாதம் காலைத் தாங்கித் தாங்கி வந்து வலதுபக்கத் தட்டில் ஏறினார். அதுதான் பக்தர்கள் தட்டு. எதிர்த்தட்டில் எடைக்கற்களை வைத்தார்கள். தொண்ணூற்றாறில் தடி சமமாக நின்றது. நாதஸ்வரம் வாசித்தார்கள்.

ராசம்மாள் எழுந்து நின்றாள். அவ்வளவு பேருக்கு முன்னால் அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

“சாமி, ஒரு வேண்டுதல். இவரை ஒரு தடவை அந்தத் தட்டுல உக்கார வச்சு, கல்லை இந்தத் தட்டுல வச்சுப் பாத்துடலாம்.”

சுவாமிகள் புன்னகைத்தார். வலது தட்டு சிவம், இடது தட்டு சக்தி, மாற்றுவது மரபு இல்லை என்றார். இந்த யோசனை உனக்கு எங்கிருந்து வந்தது அம்மா என்று கேட்டார். ராசம்மாள் திரும்பி வேப்பமரத்தைப் பார்த்தாள். கூட்டமும் பார்த்தது. அம்சம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

நாலைந்து பேர் அவளை அதட்டினார்கள். இராஜாங்கம், போம்மா, பெரிய விஷயத்தில் எல்லாம் தலையிடாதே என்றார்.

“நேத்து மேடையில நீங்கதானங்க ஏன்னு கேக்கச் சொன்னீங்க. கேக்குறேன்” என்றாள் அம்சம். “நல்ல தராசுன்னா தட்டை மாத்தினாலும் அதே எடைதான காட்டணும்? காட்டிட்டா நான் இந்தக் கூட்டத்துல விழுந்து கும்பிட்டுட்டு, மூணு ஏக்கரையும் விட்டுட்டுப் போயிடுறேன்.”

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். இராஜாங்கத்தால் சிரிக்க முடியவில்லை. நேற்று கைதட்டிய இருபது பையன்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல், மாற்றித்தான் பார்ப்போமே சாமி என்றார்.

சுவாமிகள் கண்ணை மூடித் தியானத்தில் போனார். சீடர் ஒருவர் தடியைப் பிடித்துக்கொண்டார். அவரை விலக்கிவிட்டு, குஞ்சிதபாதத்தை இடது தட்டில் ஏற்றினார்கள். வலது தட்டில் தொண்ணூற்றாறு கிலோ கல். தடி அசையவில்லை. பண்ணையார் தரையைத் தொட்டபடி உட்கார்ந்திருந்தார். நூறு, நூற்றுப்பத்து, நூற்று இருபது என்று கல் ஏறிக்கொண்டே போனது. நூற்று நாற்பதில்தான் தட்டு எழும்பியது. ஆறு வாரத்தில் பதினாறு கிலோ இளைத்தவர், கால் மணி நேரத்தில் நாற்பத்துநான்கு கிலோ பெருத்துவிட்டார். நாதஸ்வரக்காரர் என்ன வாசிப்பது என்று தெரியாமல் சீவாளியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சுவாமிகள் கண்ணைத் திறந்தார். கீழ்மகள் தொட்டதால் தராசு தீட்டுப்பட்டுவிட்டது என்றார்.

“தொட்டது ஐயாவும் உங்க ஆளுங்களுந்தாங்க” என்றாள் அம்சம். “நான் எட்டத்தான் நிக்கிறேன்.”

அப்புறம் யார் முதலில் மாலையைப் பிய்த்தது என்று தெரியவில்லை. கொக்கி தடியின் நடுவில் இல்லை. வலது பக்கமாக அரைச் சாண் தள்ளியிருந்தது. கொக்கிக்குக் கிட்டே உட்காருகிறவருக்குக் கல் குறைவாகத்தான் பிடிக்கும். முந்தைய ஞாயிறுகளில் அதை மாட்டியிருந்த காடிவெட்டுகள் நடுவிலிருந்து வரிசையாகத் தெரிந்தன. காலியாக இருக்கும்போது தடி சாயாமலிருக்க வலது தட்டுப் பட்டின் அடியில் ஈயக்கட்டிகள். விரதத்தை விடாமல் காத்தது கொக்கி மட்டும்தான். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, யாரும் பார்க்காமல், சொன்ன பேச்சு மாறாமல்.

சுவாமிகளைக் கூட்டம் அடித்திருக்கும். ராசம்மாள்தான் விடச் சொன்னாள். அவளுக்கு அவசரம் வேறாக இருந்தது. அங்கிருந்தே வண்டி பிடித்துக் கணவரை மாயவரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் பாதம் போயிருக்கும் என்றார் டாக்டர். ஊருக்கு வந்ததும் குஞ்சிதபாதம் காதர் மைதீன் ரைஸ் மில்லில் நெல்மூட்டை போடும் தராசில் ஏறி நின்றார். நூற்றுப் பதினாறு. பெல்ட் சரியாகத்தான் சொல்லியிருந்தது.

பத்திரம் எழுதப்படவில்லை. வைரக்கண்ணு குத்தகையைப் பதிவு செய்யப் போனபோது குஞ்சிதபாதம் முணுமுணுத்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார். ஒரு விரல் போனதால் மனிதர் மகானாகிவிட்டார் என்று நான் எழுதினால் நீங்களே நம்பமாட்டீர்கள்.

ஆனால் ஒன்று நடந்தது. காயம் ஆறிய பிறகு ஒரு காலையில் வாய்க்கால் கரையில் நொண்டிக்கொண்டு வந்தார். அம்சம் மடை திறந்துகொண்டிருந்தாள். நின்றவர், ஏதோ கேட்க வெட்கப்பட்டு, கடைசியில் கேட்டேவிட்டார்.

“தினம் விடியறப்ப வந்துடுறியே. அதுக்கு மனசு எப்படி வருது?”

“மனசு எங்கங்க வருது” என்றாள் அவள். “தண்ணி வருது. வந்துடுறோம்.”

அவர் மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாள் தூறல், மனசு வரவில்லை, ஆனாலும் குடை வந்தது, பின்னாலேயே அவரும் வந்தார். சில நாள் அதிரசம் ஜெயித்தது. திங்கட்கிழமைக்குக் காத்திராமல் அடுத்த வேளையிலேயே பாதிச் சோற்றுக்குத் திரும்பினார். பொங்கலுக்குள் பெல்ட் இரண்டு ஓட்டை உள்ளே போயிருந்தது. அதற்கு எந்த நாதஸ்வரமும் வாசிக்கவில்லை.

லகுவானந்தர் இப்போது பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பில் இருப்பதாகக் கேள்வி. அங்கே ஒல்லியானவர்களைக் குண்டாக்குகிறாராம். கொக்கியை இடதுபக்கம் நகர்த்தினால் ஆயிற்று. நல்ல கூட்டமாம். குத்தாலத்திலிருந்துகூடச் சிலர் போய்வருகிறார்கள். தராசுதான் மோசம், சாமி நல்லவர் என்கிறார்கள்.

தட்டை மாற்றிப் பார்க்கப் படிப்பு வேண்டாம், பதவி வேண்டாம், இரண்டு கைகள் போதும். அதற்கு முதலில் கும்பிட்ட கையைப் பிரிக்க வேண்டும்.