வாடிக்கையாளர் எண் ஒன்றுக்கு ஒரு விண்ணப்பம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களின் சமுகத்துக்கு,

உங்கள் மருமகளைப் பெற்றவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்றும், குறிப்பாகத் தங்கள் இடுப்பு போன வெள்ளிக்கிழமைக்கு முன்பிருந்த நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும் என்றும் விரும்புகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்தே முக்காலுக்குத் தங்கள் வாசலில் ஒரு லாரி வந்து நின்றதும், அதிலிருந்து அறுநூற்று நாற்பது படுக்கை விரிப்புகளும் முந்நூற்றுப் பதினெட்டுத் தலையணை உறைகளும் இறங்கியதும் தற்செயல் என்றுதான் முதலில் எழுதினேன். என் மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, அவரு முப்பத்து நாலு வருஷம் ஸ்டோர் கீப்பரா இருந்தவரு. அவருக்கே காது குத்தப் பாக்கறீங்களா?" என்றாள். ஆகவே அதைக் கிழித்துப் போட்டுவிட்டு உண்மையையே எழுதுகிறேன். அந்த லாரியை வரவழைத்தவன் நான்தான். ஆனால் வேண்டுமென்று செய்யவில்லை. தயவுசெய்து கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படவும்.

நான் வேலை பார்ப்பது சலவை நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனி. அங்கே பதினாலு வருஷமாக ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு ஃபிரேம்வொர்க் கட்டி வைத்திருக்கிறேன். ஃபிரேம்வொர்க் என்றால் வேறொன்றுமில்லை, தூணும் உத்திரமும் கூரையும் நான் தருவேன், ஒவ்வொரு சலவைக்காரருக்கும் வேண்டிய அறைகளை மற்றவர்கள் தடுத்துக் கொடுப்பார்கள். இதுவரை ஓட்டல்காரர் போன் செய்வார், சலவை நிலையத்தில் ஒருவர் அதைக் கேட்டு எங்கள் திரையில் தட்டுவார், நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "சார், ஊருல இருக்கற ஃபிரேம்வொர்க் எல்லாம் வெப் சர்வீஸ் வெச்சிருக்கு. உங்களுது மட்டும்தான் வாயே தொறக்காம உக்காந்திருக்கு. பெரிய ஓட்டல் ஒண்ணு கேக்குது, அவங்க கம்ப்யூட்டரே நம்ம கம்ப்யூட்டர்கிட்ட நேரா பேசணுமாம், நடுவுல ஆளே கூடாதாம். வெள்ளிக்கிழமை சோதனை. ஓடுச்சுன்னா உங்களுது இருக்கும். ஓடலேன்னா வெளியில ரெடியா இருக்கற ஒண்ண எறக்கிட்டு, உங்களுத தூக்கிக் கடாசிடுவேன்" என்றார். யோசித்துப் பாருங்கள், சம்பந்தி. பதினாலு வருஷம்! என் மகளுக்குக்கூட நான் அவ்வளவு நேரம் ஒதுக்கியதில்லை.

மூன்று வாரம் தலைகீழாக நின்றேன். வயது ஐம்பத்தேழு என்பதே மறந்துபோயிற்று. ஒரு புதன்கிழமை மதியம், வெளியிலிருந்து ஒரு கோரிக்கை அனுப்ப, என் ஃபிரேம்வொர்க் தானாக, ஒரு மனிதர் கை படாமல், "கோரிக்கை ஏற்கப்பட்டது, நன்றி" என்று பதில் சொன்னது. அந்த ஆனந்தத்தை எப்படி எழுதுவேன்? என் மகள் முதன்முதலாக "அப்பா" என்ற அன்றைக்கு இருந்த சந்தோஷம். பக்கத்தில் நின்றவரைக் கட்டிப்பிடித்துக் கையைக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினேன். அவர் மின்சார மீட்டர் பார்க்க வந்தவராம். அவரும் விட்டுக்கொடுக்காமல் "வாழ்த்துகள் சார்" என்றுவிட்டுத்தான் போனார்.

இங்கேதான் தாங்கள் வருகிறீர்கள். எங்கள் தொழிலில் எதையும் சோதித்துப் பார்க்க ஒரு பொய் வாடிக்கையாளர் வேண்டும். அவருக்கு முகவரி நீளமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் லேபிள் அச்சாகும்போது பாதியில் வெட்டுப்படுகிறதா என்று தெரியாது. நாலு வருஷத்துக்கு முன் கல்யாணப் பேச்சு முடிந்து தாங்கள் தங்கள் முகவரியை எழுதிக் கொடுத்தீர்களே, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம், மூடிக் கிடக்கும் பெட்ரோல் பங்குக்கு எதிர்ச்சந்து, இடதுகைப் பக்கம் மூன்றாவது இரும்பு கேட், பச்சை அல்ல நீலம், நாய் இல்லை, உரக்கக் கூப்பிடவும் என்று, அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியொரு முகவரியை என் அனுபவத்தில் நான் கண்டதில்லை. மறுநாளே பழைய பொய் முகவரியை எடுத்துவிட்டு வாடிக்கையாளர் எண் ஒன்று என்று தங்களை ஏற்றிவிட்டேன். மரியாதை நிமித்தமாகத்தான் ஒன்றாம் எண். சத்தியம்.

எண்ணைக் குறிப்பிடாமல் யாராவது கோரிக்கை வைத்தால் அது எண் ஒன்றுக்குப் போகட்டும் என்று எப்போதோ எழுதியிருந்தேன். திரையில் தட்டுகிறவர் எண்ணைப் போடாவிட்டால் திரை சிவப்பாகக் கத்தும், உள்ளே விடவே விடாது, ஆகையால் பதினாலு வருஷத்தில் ஒரு தடவைகூட அப்படி ஆனதில்லை. ஆனால் வெப் சர்வீஸ் வழியாக வருகிறவர்கள் திரைப் பக்கமே வருவதில்லை, சம்பந்தி! முன்வாசலில் காவலாளியை நிறுத்திவிட்டுப் பின்பக்கம் புதிதாக ஒரு கதவு வைத்தேன், அதற்கு ஆள் போடுவதில் கோட்டை விட்டேன். குறை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்கும் எங்கள் டெஸ்டிங் அம்மா அன்றைக்கே கேட்டார். "சார், எண் காலியா வந்தா என்ன ஆகும்?" "ஏம்மா காலியா வரப்போகுது? அவங்க என்ன எண் இல்லாதவங்களா?" "இல்ல சார், வந்தா?" "வராதும்மா." வந்தது. ஓட்டல்காரர்களின் கம்ப்யூட்டர் எண்ணைத் தன் வழக்கப்படி வேறொரு தலைப்பில் எழுதி அனுப்பியது. என்னுடையது தன் தலைப்பின் கீழ் தேடி, ஒன்றும் இல்லையே என்று, சிரித்த முகத்தோடு வெளுத்து அனுப்ப வேண்டிய துணி அத்தனையையும் தங்களுக்கு எழுதிக் கொடுத்து நன்றியும் சொல்லிவிட்டது.

எங்கள் ஆபீசில் அப்போது கேக் வெட்டிக்கொண்டிருந்தோம். திரை முழுக்கப் பச்சை. முதலாளி என் வாயில் கேக்கை ஊட்டும் நேரத்தில் என் மகள் போன் செய்தாள்.

"அப்பா, பெட்ஷீட் வந்திருக்கு."

"ரொம்ப சந்தோஷம்மா. என்ன கலரு?"

"வெள்ளை. அறுநூத்தி நாப்பது."

"எத்தனை?"

"இருங்கப்பா, மாமா எண்ணிட்டு இருக்காரு. நடுவுல யாரும் பேசக் கூடாதாம், கணக்கு தப்பிடுமாம். டிரைவரையும் உக்கார வெச்சு எண்ண விட்டிருக்காரு. அத்தை சோபா மேல ஏறி உக்காந்துட்டாங்க, கீழ கால் வைக்க எடமில்ல."

ஊட்டிய கேக்கை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றேன். அதே நேரம் ஓட்டலில் பல் டாக்டர்கள் மாநாட்டுக்கு நூற்றறுபது பேர் பெட்டியோடு வந்து இறங்க, நூற்றறுபது வெறும் மெத்தைகளைப் பார்த்து மேலாளர் விழித்துக்கொண்டிருந்தாராம். அப்போதுதான், விரிப்பின் மூலையில் தைத்திருந்த ஓட்டல் பெயரைப் படித்துத் தாங்களே அவருக்குப் போன் செய்தீர்கள். அவர் பிறகு எங்களிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஒரு பெரியவர் பேசினாருங்க. 'உங்க சரக்கு என் பொறுப்புல இருக்கு. இருபத்தாறு விரிப்புல கறை, அத தனியா கட்டி வெச்சிருக்கேன். கையெழுத்துப் போடத் தெரிஞ்ச ஆளா அனுப்புங்க'ன்னாரு. நான் போனோட எழுந்து நின்னுட்டேங்க." இரண்டரைக்கு எல்லாம் ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்தது. பல் டாக்டர்கள் நிம்மதியாகப் படுத்தார்கள். தங்களை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது, சம்பந்தி. அதை வெளியே சொல்லிக்கொள்கிற நிலையில்தான் நான் இல்லை.

ஏனென்றால் மேலாளர் ஒரு நிபந்தனை போட்டுவிட்டார். சம்பந்தமில்லாத ஒரு குடும்பத்தின் தலையில் துணியைக் கொட்டியிருக்கிறோம், அந்தப் பெரியவர் தமக்குப் புகார் எதுவும் இல்லை என்று எழுதித் தந்தால்தான் மேற்கொண்டு பேச்சு என்கிறார். முதலாளியோ புதன்கிழமை வரை பார்ப்பேன், அதற்குள் கடிதம் வராவிட்டால் என் ஃபிரேம்வொர்க்கைத் தூக்கிவிடுவேன் என்கிறார். தங்களிடம் போனில் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. மகளைத் தூது போகச் சொன்னேன். "நீங்களே பேசிக்குங்கப்பா, என்னை நடுவுல இழுக்காதீங்க" என்று கழன்றுகொண்டாள்.

ஆகவே தாங்கள் பெரிய மனது பண்ணி, "புகார் இல்லை" என்று இரண்டே வரி எழுதித் தர வேண்டும். என் பதினாலு வருஷம் அந்த இரண்டு வரியில் தொங்குகிறது. என் பங்குக்குப் பின்கதவிலும் காவல் போட்டுவிட்டேன், எண் இல்லாமல் இனி ஒரு கைக்குட்டைகூட நுழையாது. தங்கள் முகவரியையும் என் கையாலேயே அழித்தாயிற்று, நெஞ்சு வலித்தது. இனி தங்கள் வாசலில் எந்தக் காலத்திலும் லாரி நிற்காது என்று உறுதி கூறுகிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் மனைவியின் அன்பும் என் மன்னிப்பும். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள் குறைவில்லாமல் உண்டு.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்த்துத் தலைகுனிந்து நிற்கும்
சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது மகள் போன் செய்தாள். நான் கேட்பதற்கு முன்பே தாங்கள் நேற்று ஓட்டலுக்கு எழுதிவிட்டீர்களாமே! படித்துக் காட்டினாள். "எனக்கு ஒரே ஒரு புகார்தான். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு லாரி வரவில்லை. ஓய்வு பெற்ற இந்த இரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் மத்தியானம் வந்ததே தெரியவில்லை. தினமும் பத்து மணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டு பேனாவோடு காத்திருக்கிறேன்." அடுத்த போன் எங்கள் முதலாளியுடையது. மேலாளர் அந்தக் கடிதத்தை அவரிடம் காட்டி, இந்த எண்ணிப் பார்க்கும் வசதி எங்கள் ஃபிரேம்வொர்க்கோடு சேர்ந்தே வருகிறதா, வந்தால் இப்போதே கையெழுத்து என்றாராம். முதலாளி கண் இமைக்காமல், "ஆரம்பத்துலேர்ந்தே உள்ள இருக்குங்க" என்றுவிட்டார். எனவே மேலே எழுதிய உறுதிமொழிகளைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். பின்கதவுக் காவலைக் கழற்றிவிட்டேன், முகவரியையும் நாய் இல்லை என்பது வரை எழுத்துப் பிசகாமல் மறுபடி ஏற்றிவிட்டேன். தபாலில் போட்டால் லாரி முந்திக்கொள்ளும் என்பதால் இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து மகளின் போனுக்கே அனுப்புகிறேன். இன்றைக்கு ஆயிரத்து இருநூறு விரிப்பு. பேனாவில் மை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்.