முகமும் குரலும்

நாற்பத்திரண்டு பேர் சிவபாதசுந்தரத்தின் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெற்றி மட்டும்தான் தெரிந்தது. அதில் மூன்று குறித் திருநீறு, அதற்கு மேலே சுழலும் விசிறி. வெள்ளைச் சட்டை, கழுத்தில் ரை, புதுக் கண்ணாடி என்று பின்னேரம் மூன்று மணியிலிருந்து அவர் செய்த அலங்காரமெல்லாம் வீண்.

"சிவா அண்ணை, முகம் தெரியேல்லை," என்றார் செலீன். சங்கத்தின் செயலாளர், ரொறன்ரோவிலிருந்து.

சிவபாதசுந்தரம் மேசையில் நிறுத்தியிருந்த டெப்பின் திரையைப் பார்த்தபடி கதிரையில் கொஞ்சம் கீழே சரிந்தார். இப்போது நெற்றியும் போய், விசிறி மட்டும் கூட்டத்தில் கலந்துகொண்டது.

சும்மா கூட்டமா இது? கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் தலைவர் தெரிவு, சூமில். சிவபாதசுந்தரம் பதினொரு வருடமாக உபதலைவர். தலைவர்கள் வந்தார்கள், போனார்கள், இரண்டு பேர் ஒரேயடியாக மேலேயே போனார்கள். இவர் உபதலைவராகவே இருந்தார். வயது எழுபத்தைந்து. இந்த முறையும் தவறினால் உபதலைவர் என்றுதான் மரண அறிவித்தலில் போடுவார்கள். அந்தக் கவலை அவருக்கு உண்மையாகவே இருந்தது.

போட்டிக்கு நிற்பவர் கொட்டாஞ்சேனை நவரத்தினம். அவரைக்கூடச் சமாளிக்கலாம். சங்க யாப்பின் பதினான்காம் விதியைத்தான் சமாளிக்க முடியாது. முன்மொழியப்படுபவர் முகமும் குரலும் தெரியத் தோன்றி, 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பெயர் வெட்டு. மூன்று வருடத்துக்கு முன் அந்த விதியைக் கொண்டுவந்தவரும் சாட்சாத் சிவபாதசுந்தரம்தான். அப்போது நவரத்தினத்திடம் பட்டன் போன் மட்டும்தான் இருந்தது.

"இஞ்சேருங்கோ, என்ன பிரச்சினை?" மனைவி அன்னபாக்கியம் கையெல்லாம் உளுந்து மாவோடு சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தார்.

"உனக்கு இதுகள் விளங்காது. நீ வடையைப் பார்."

வெற்றி வடை. தொடர்மாடியில் மாடி மாடியாகக் கொடுக்க அறுபது வடைக்கு அவர் காலையிலேயே உத்தரவு போட்டிருந்தார். அன்னபாக்கியம் உள்ளே போனார். பாவம், அவருக்குக் கொஞ்ச நாளாக மறதியும் வந்துவிட்டது என்பது சிவபாதசுந்தரத்தின் கணிப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தேவாரம் பாடுவார். ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம், மூன்று தரம். பாடிய வரி மனதில் நின்றால் ஏன் திருப்பிப் பாடுகிறார்?

ஆகவே அவர் வீட்டு ரெலிபோனில் வினோதனைப் பிடித்தார். தம்பியின் மகன், நுகேகொடையில் ஒரு ஐ.ரி. கம்பனியில் வேலை. அங்கே என்ன வேலை என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. ஐ.ரி. என்றால் ஐ.ரி.தானே!

"தம்பி, என்ர முகத்தைக் காணேல்லையாம்."

"ஒரு நிமிசம் பெரியப்பா, ஒரு விசயம் பாக்கவேணும்." ரிசீவர் சற்று ஓய்ந்தது. "ம்... டெப்புக்குப் பின்னால என்ன முண்டு குடுத்திருக்கிறியள்?"

"சக்கரைப் போத்தல்."

"அதை இன்னும் கிட்டத் தள்ளி, டெப்பை நிமித்தி வையுங்கோ."

ஆகா, நுகேகொடையில் இருந்துகொண்டே வெள்ளவத்தைச் சக்கரைப் போத்தலைச் சரிசெய்கிறானே! சிவபாதசுந்தரம் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு போத்தலைத் தள்ளினார். தள்ளிய வேகத்தில் டெப் முகங்குப்புற விழுந்தது. பதறி உள்ளங்கையால் அள்ளி எடுத்தார். இப்போது முகம் பூரணச் சந்திரனாகத் தெரிந்தது. ஆனால், "எல்லாருக்கும் வணக்கம்," என்று அவர் சொன்னது ஒருவருக்கும் கேட்கவில்லை.

"அண்ணை, சத்தத்தை நிப்பாட்டி வைச்சிருக்கிறியள்," என்றார் செலீன்.

"தம்பி, குரலும் போட்டுது!"

"ஒரு நிமிசம் பெரியப்பா."

சமையலறையில் யாரோடோ கதைக்கும் சத்தம் கேட்டது. "அங்க என்ன கதை? கூட்டம் நடக்குது! சீனியம்மாவோட பிறகு கதைக்கலாம்!" என்று கத்தினார். சீனியம்மா கீழ்மாடிக்காரி, வாய் ஓயாதவர்.

வினோதன் திரும்பி வந்தான். "கீழ இடப்பக்கம் ஒரு மைக் படம் இருக்கும். அதை ஒருக்கா அமத்துங்கோ."

அமத்தினார். அமத்தியது வேலை செய்ததா என்று பார்க்கும் பொறுமை அவருக்கு எந்தக் காலத்தில் இருந்தது?

"என்ன செய்தும் சரிவருகுதில்லையடாப்பா. கடைசியில இந்த நவரத்தினம் தலைவராகப் போறான். ஓ எல் சோதினையில மூண்டு தரம் கணக்கில கோட்டை விட்டவன்!"

நாற்பத்திரண்டு பேருக்கும் அது கேட்டுவிட்டது. நவரத்தினம் தொண்டையைச் செருமினார்.

"ரெண்டு தரம்தான், அண்ணை."

சிவபாதசுந்தரம் திரையைத் துழாவினார். எதையாவது அமத்தி இந்த மானக்கேட்டை நிறுத்த வேண்டும். கண்ணில் பட்டது சிவப்புப் பட்டன். அமத்தினார். கூட்டமே மறைந்துவிட்டது.

"தம்பி! எல்லாரும் போட்டினம்!"

"அவையள் போகேல்லைப் பெரியப்பா, நீங்கள்தான் போட்டியள். முதல் வந்த மாதிரியே திரும்ப வாங்கோ."

திரும்பப் போனால், உள்ளே எடுக்கும்வரை பொறுத்திருக்கும்படி ஒரு அறிவித்தல் வந்தது. முப்பது வருடம் காணிக் கந்தோர் அதிகாரியாகச் சனத்தை வாங்கிலில் இருத்திக் காக்கவைத்த மனிதர் இப்போது தன் வீட்டு மேசையில் காத்திருந்தார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். உள்ளே தெரிவு தொடங்கியிருக்கும். பதினொரு வருடம் பட்ட பாடு வாசலில் நிற்கிறது. சிரிக்க வேண்டாம், மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

"தம்பி, ஏதாவது செய்யடா."

"ஒரு நிமிசம் பெரியப்பா." பிறகு, "பயப்பிடாதேங்கோ, செலீன் அன்ரிக்கு மெசேஜ் போட்டுது. இப்ப எடுப்பா."

எடுத்தார். உள்ளே போனதும் செலீன், "வந்திட்டியள், நல்லகாலம்! உங்கட பேரை முன்மொழிஞ்சு வழிமொழிஞ்சாச்சு. ஏற்கிறியளோ?" என்றார்.

"ஏற்றுக்கொள்..."

"ஒரு ஒழுங்குப் பிரச்சினை," என்று கை தூக்கினார் நவரத்தினம். "எனக்குத் தெரியிறது ஒரு கொடியும் ரெண்டு பெனியனும். முகம் எங்க? பதினாலாம் விதி. அண்ணையே கொண்டுவந்தது."

பதற்றத்தில் எதை அமத்தினாரோ, டெப் அவரைக் காட்டாமல் எதிரே பல்கனியில் காயும் உடுப்பைக் காட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு நிமிசம் தாறன்," என்றார் செலீன்.

சிவபாதசுந்தரம் டெப்பைத் தட்டினார், குலுக்கினார். பெனியன்தான் குலுங்கியது. ரிசீவரில் வினோதன் கேட்ட ஒரு நிமிடமோ ஒரு யுகமாக நீண்டது.

"பெரியப்பா, ஒண்டையும் அமத்தவேண்டாம். டெப்பின்ர முதுகு உங்களைப் பாக்கிறமாதிரித் திருப்பிப் பிடியுங்கோ. காணும்!"

திருப்பிப் பிடித்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. உலகத்துக்கு அவர் தெரிந்தார்.

"ஏற்றுக்கொள்கிறேன்!" நாலாம் மாடி அதிர்ந்தது.

வாக்கெடுப்பில் இருபத்திரண்டுக்கு இருபது. கைதட்டல் கேட்டது. நவரத்தினம்கூட, "கணக்குச் சரிதான், அண்ணை," என்றார்.

தலைவர் சிவபாதசுந்தரம் டெப்பைத் திருப்பிப் பிடித்தபடியே ஏற்புரை தொடங்கினார். "இந்த வெற்றி என்ர பெறாமகன் வினோதனுக்குச் சேரவேணும். இளம் மூளை எண்டா அதுதான் மூளை! எங்கட காலத்து ஆக்களுக்கு இதுகள் ஏறாது. வேற ஆரையும் ஏன் சொல்லுவான், என்ர மனுசியைப் பாருங்கோ. தேவாரத்திலயே ஒரு வரியை மூண்டு தரம் பாடுது. போனைக் கையில குடுத்தா எந்தப் பக்கம் காதில வைக்கிறது எண்டுகூடத் தெரியாது, பாவம்."

ஏனோ ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் உரையை முடித்துக்கொண்டு, "தம்பி, இனி இதை எப்பிடி முடிக்கிறது?" என்று ரிசீவரில் கேட்டார்.

"ஒரு நிமிசம் பெரியப்பா."

ரிசீவர் ஓய்ந்தது. சமையலறையில் அன்னபாக்கியத்தின் போன் அடித்தது. இரண்டு கையிலும் உளுந்து மா. முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினார் போலிருக்கிறது, வினோதனின் குரல் கணீரென்று வீடு முழுக்கவும், லண்டன், ரொறன்ரோ வரைக்கும் கேட்டது.

"பெரியம்மா, பெரியப்பா வெண்டிட்டார்! இனி எதை அமத்தச் சொல்லுறது? ஞாயிற்றுக்கிழமை உங்கட தேவார வகுப்பு முடிய, சூமில நீங்கள் எதை அமத்திறனீங்கள்?"