கராத்தே ராத்தாவும் என் மூன்றாம் நாளும்

பணம் கட்டிப் படிக்க வந்தவர்களை வாசலிலேயே நிற்பாட்டித் திருப்பி அனுப்புவதில், கற்பிட்டிக் குடாநாட்டில் மட்டுமல்ல, இந்த முழுத் தீவிலேயே கராத்தே ராத்தாவை மிஞ்ச ஒருவரும் கிடையாது. மற்ற வகுப்புக்காரர்கள் ஆள் சேர்க்க நோட்டீஸ் ஒட்டுவார்கள். இவர் ஆளைக் கலைப்பதற்கென்றே வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். இதை எழுதலாமா, அவர் வாசித்தால் என்ன நினைப்பார் என்றெல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டேன். நினைக்கட்டும். எனக்கு இன்னும் ஆறவில்லை.

முதலில் அந்தப் பெயர். ராத்தா என்றால் எங்கள் பக்கத்தில் அக்கா. அவர் சொல்லிக்கொடுத்தது கராத்தே அல்ல, ஜியு ஜிட்சு. அதில் அடி, உதை எதுவும் இல்லை. ஆளைக் கட்டிப் பிடித்து, நிலத்தில் விழுத்தி, கையையோ கழுத்தையோ மடக்கி வைத்திருக்க வேண்டும். அகப்பட்டவர் இரண்டு தரம் தட்டினால் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும், அதுதான் சட்டம். ராத்தா மன்னாரிலிருந்து கைக்குழந்தையாக வந்தவர். வளர்ந்த பிறகு அபுதாபிக்குப் போய், பெண்கள் இதைப் பழகும் ஒரு நிலையத்தைக் கூட்டித் துடைக்கும் வேலையில் சேர்ந்தார். ஒரு நாள் ஜோடிக்கு ஆள் குறைய, விளக்குமாற்றை வைத்துவிட்டு வரும்படி கூப்பிட்டிருக்கிறார்கள். நீலப் பட்டியோடு ஊர் திரும்பினார். யாராவது வந்து "கராத்தே ராத்தா வீடு எது?" என்று கேட்டால், அவரே கை நீட்டி வேறு வீட்டைக் காட்டிவிடுவார்.

வகுப்பு நடந்தது குறிஞ்சிப்பிட்டியில், ஒரு பழைய வெங்காய ஸ்டோரில். அங்கே கண் கலங்கினால் வெங்காயத்தின் மேல் பழியைப் போடலாம். பாயை அவரே தைத்திருந்தார். உள்ளே பழைய ரப்பர் மெத்தை. மேலே, கண்டக்குழிக் கடலில் வெள்ளைக்காரர் பிடித்துக்கொண்டு பாய்கிற பெரிய பட்டங்களின் கிழிந்த துணி. அந்தத் துணி வழுக்கும். எங்களை யாரும் புரட்ட வேண்டியதில்லை, நாங்களாகவே புரண்டோம்.

நான் அங்கே போன காரணம் பயம். கணவர் வேலைக்காகக் கட்டாரில். உம்மா தங்கச்சியின் பிள்ளைப்பேற்றுக்காகப் புத்தளத்தில். எத்தாளை ஊரில் எங்கள் வீட்டில் நானும் இரண்டு வயது மகளும் மட்டும். எங்கள் பக்கத்துக் காற்றுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஒவ்வொரு சத்தத்துக்கும் எழும்பிப் போய்க் கதவுத் தாழ்ப்பாளைப் பார்ப்பேன். திரும்பி வந்து மகள் மூச்சு விடுகிறாளா என்று பார்ப்பேன். பிறகு, தாழ்ப்பாளைச் சரியாகப் பார்த்தேனா என்று மறுபடி எழும்புவேன். "ஏதாவது பழகுங்களேன், பயம் போகும்" என்று கணவர்தான் போனில் சொன்னார்.

எதைத் தொடங்கினாலும் முழுமையாகச் செய்வது என் வழக்கம். முதல் நாளே சொன்னேன்:

"ராத்தா, நான் எல்லா நாளும் வாறன்."

"எதுக்கு? நீ என்ன பாண் விக்கிறவனா, எல்லா நாளும் வாறத்துக்கு?"

"கெதியாப் பழகணும் ராத்தா."

"கிழமைக்கு ரெண்டு நாள். திங்களும் சனியும். மற்ற நாள்ல இந்த வாசல் பக்கம் கண்டா, நான் மடக்கிற மடக்குல நீ ஜன்மத்துக்கும் ரொட்டி தட்டமாட்டாய்."

சரி, புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் இரண்டு நாள்தான் போலும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்படியும் இல்லை! ஸ்டெல்லா அக்காவுக்கு மூன்று நாள். அவரும் நான் சேர்ந்த அதே கிழமை சேர்ந்தவர். கண்டக்குழியில் கருவாடு போடுகிறவர், ஐம்பதைத் தாண்டியவர், மூச்சு வாங்கினால் "மாதாவே" என்று பாதிப் பிடியில் உட்கார்ந்துவிடுகிறவர். இந்த அநியாயத்தை நான் நேரே கேட்டேன்.

"ஸ்டெல்லா ராவைக்கு நித்திரை கொள்றா. நீ கொள்றல்ல" என்றார் ராத்தா.

"அது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

"உன்ட கண்ணுக்குக் கீழ ரெண்டு கத்தரிக்காய் தொங்குது புள்ள. உடம்பு பழகுறது பாய்ல இல்ல, படுக்கையில. படுத்து எழும்பினாத்தான் பழகினது உள்ள இறங்கும். உனக்கு ரெண்டே கூட."

"நான் குறட்டையே விடுவன் தங்கச்சி, கேட்டுப் பாரு" என்று ஸ்டெல்லா அக்கா பெருமையோடு சாட்சி சொன்னார்.

நான் படித்தவள். உயர்தரம் வரை போனவள். அன்றிரவே போனில் தேடினேன். அடுத்த திங்கட்கிழமை அதை அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினேன்.

"பாருங்க ராத்தா. புதுசாப் பழகிற பெரிய ஆக்களுக்கு ரெண்டு தொடக்கம் மூணு நாள் எண்டு போட்டிரிக்கி. மூணு!"

அவர் நிதானமாக வாசித்தார். போனைத் திருப்பித் தந்தார்.

"இத எழுதினவன் உன்ட பிள்ளைக்கு ராவைக்கு எத்தன தரம் எழும்புறான்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கியது. வெங்காயம்தான்.

பாயில் என் நிலைமையும் பெருமைப்படும்படி இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். யாரையாவது விழுத்தினால் உடனே மன்னிப்புக் கேட்பேன். என்னை நோக்கி யாராவது கையை நீட்டினாலே தட்டிவிடுவேன். "ஆருக்குப் புள்ள தட்டுற? நான் இன்னும் வரவேயில்ல!" என்று ராத்தா பாயின் மறு மூலையிலிருந்து கத்துவார். இதற்குத்தான் கூடுதல் பயிற்சி வேண்டும் என்கிறேன், கேட்டால்தானே!

ஆகவே வீட்டில் பழகினேன். அரிசி மூட்டையைக் கட்டிப் பிடித்துப் புரட்டினேன். மகளுக்கு ஒரே சந்தோஷம். மூட்டையின் மேல் ஏறியிருந்து தட்டித் தட்டிச் சிரித்தாள். புரட்டிய இடத்தில் என் தோளில் ஏதோ இழுத்தது. சின்ன வலிதானே என்று, வழக்கம்போல மகளையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை வகுப்புக்குப் போனேன்.

அங்கேதான் ராத்தாவின் வாசல் சோதனை. இதைப் போலொன்று உலகத்தில் வேறெங்கும் இருக்காது. பிள்ளையோடு வருகிறவள் தன் பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கி இறக்க வேண்டும். பிள்ளை வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் கான். முகம் சுளிக்கக் கூடாது. நான் மகளைத் தூக்கினேன். சிரித்துக்கொண்டே தூக்கினேன். என் பற்கள் முழுவதும் தெரிந்திருக்க வேண்டும்.

"வீட்ட போ."

"ராத்தா, நான் வந்த திறீவீல் போயிட்டுது!"

"அப்ப நடந்து போ. பிள்ளையத் தூக்க ஏலாத கையோட என்ட பாய்ல ஒருத்தியும் ஏறமாட்டா. வீட்ட உனக்கு ஆர் இரிக்கி, தூக்கித் தாறத்துக்கு?"

அத்தனை பேருக்கு முன்னால்! வெயிலில் மகளை நடத்திக் கூட்டிக்கொண்டு போகும்போது, அவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளையெல்லாம் ரோட்டில் நின்ற ஆடுகளிடம் கேட்டேன். இரண்டு கிழமை வீட்டில் கிடந்தேன். கோபம் குறையவேயில்லை.

திரும்பி வந்த முதல் திங்கட்கிழமை எனக்கு ஒன்று தென்பட்டது. பயந்தவர்களின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. ராத்தா தேத்தண்ணிக் கேத்தலை இடது கையால் தூக்கினார். தலைத்துண்டையும் இடது கையாலேயே சரிசெய்தார், வலது தோளை அசைக்கவேயில்லை. ஊருக்கெல்லாம் நாள் எண்ணிக் கொடுக்கிற மனிசி, தான் மட்டும் எல்லா நாளும் எல்லோருடனும் புரண்டுகொண்டிருந்தார்.

மகளைத் தூக்கி இறக்கிவிட்டு, நான் வாசலை விட்டு நகரவில்லை.

"ராத்தா, இப்ப நீங்க தூக்குங்க."

"மாதாவே" என்றார் ஸ்டெல்லா அக்கா, மெதுவாக.

ராத்தா என்னை ஒரு பார்வை பார்த்தார். குனிந்து மகளைத் தூக்கினார். நெஞ்சு வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. அவர் முகம் சுளிக்கவில்லை. ஆனால் நெற்றியெல்லாம் வியர்வை. அந்தரத்தில் தொங்கிய மகள், எத்தனையோ மாலைகளில் பார்த்திருந்ததைத் தானும் செய்தாள். சின்னக் கையால் ராத்தாவின் தோளில் இரண்டு தரம் தட்டினாள்.

சட்டம் சட்டம்தான். ராத்தா அவளை மெல்ல இறக்கி விட்டார்.

"வீட்ட போங்க ராத்தா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மன்னிப்பும் கேட்கவில்லை.

"என்ட ஸ்டோர்ல இருந்து என்னையே கலைக்கிறியா?"

"ஓம்."

அவர் பாயின் ஓரத்தைக் காலால் தள்ளிச் சரிசெய்தார். பிறகு யாரிடமும் இல்லாததுபோலச் சொன்னார்: "வீட்ட போய் நான் என்னத்தச் செய்ய? அங்க ஆர் இரிக்கி?"

எல்லா நாளும் எதற்கு என்று முதல் நாள் அவர் என்னிடம் கேட்டபோது, நானும் இந்தப் பதிலைச் சொல்லவில்லை.

ராத்தா வீட்டுக்குப் போகவில்லை. கதிரையை யன்னலுக்கு வெளியே போட்டு, என் மகளை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே இருந்த எங்களை மாலை முழுவதும் ஏசினார். வகுப்பு முடிந்து நான் புறப்படும்போது கூப்பிட்டார்.

"மூணாவது நாள் கேட்டியே. புதன்கிழமை வா."

என் வாயெல்லாம் பல்.

"பாய்ல கால் வச்சா முறிச்சுப் போடுவன். இதுல இரிந்து ஒரு பிளேன்டீயக் குடிச்சிட்டு, கொஞ்சம் கதைச்சிட்டுப் போ."

இதுவா மூன்றாம் நாள்? இதற்கா நான் இவ்வளவு காலம் போராடினேன்?

இப்போது கணவர் வந்து, நாங்கள் புத்தளம் டவுனில் இருக்கிறோம். ராத்தாவின் தோளும் சுகமாகிவிட்டது. இங்கே ஒரு நல்ல நிலையம் இருக்கிறது. பாய் வழுக்காது, பணம் கட்டினால் எல்லா நாளும் போகலாம். வாசலில் நிற்பாட்டி என் பிள்ளையைத் தூக்கிக் காட்டச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

புதன்கிழமை மட்டும் நான் அங்கே போவதில்லை. மகளையும் கூட்டிக்கொண்டு கற்பிட்டி பஸ் ஏறிவிடுவேன், பிளேன்டீ குடிக்க.