அலோ அண்ணன் கிசுகிசுத்த வாரம்

எங்கள் தாலுகாவில் அலோ அண்ணனை விடச் சத்தமான ஆள் பிறந்ததில்லை. அப்படியே யாராவது பிறந்திருந்தாலும் இவர் சத்தத்தில் அந்த ஆள் அழுதது வெளியே கேட்டிருக்காது.

குடமுருட்டி ஆற்றுக்குத் தெற்கே எங்கள் ஊர். அங்கே அண்ணன் மைக்செட் கடை வைத்திருக்கிறார். காதுகுத்தோ கல்யாணமோ, குழாய் ஸ்பீக்கரை மரத்தில் கட்டி முடித்ததும் மைக்கைத் தட்டி "அலோ... அலோ..." என்பார். அதுவே பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. ரேஷன் கடைக்காரரும் அலோ என்றுதான் கூப்பிடுகிறார்.

உண்மையில் அவருக்கு மைக் தேவையே இல்லை. கடையில் உட்கார்ந்தபடி "ஒரு டீ" என்பார். ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு டீக்கடை, அந்தக் கரையில் ஒரு டீக்கடை. இரண்டு கடையிலும் டீ ஆற்றுவார்கள். வீட்டில் பாக்கியம் அண்ணியிடம் "குழம்புல உப்பு கம்மி" என்று ரகசியமாகச் சொல்வார். வயலில் நடவு நடும் பெண்கள் நிமிர்ந்து சிரிப்பார்கள். செல்போனில் பேசும்போது அவர் போனைக் காதில் வைப்பதே போனுக்கு ஒரு மரியாதை கொடுக்கத்தான்.

அப்படிப்பட்டவர் ஒரு வாரம் கிசுகிசுத்தார். "அத எழுதுங்கப்பா, மத்த புள்ளைங்களும் படிக்கட்டும்" என்று என் மகள் பவி சொன்னாள். எழுதுகிறேன்.

போன ஐப்பசியில் நடந்தது. கடையில் இருந்த பெரிய பாஸ் பெட்டியின் ஸ்பீக்கரைக் கழற்றித் தஞ்சாவூருக்கு ரிப்பேருக்கு அனுப்பியிருந்தார். முன்பக்கம் ஒரு வட்ட ஓட்டை, உள்ளே ஒரு பழைய சாக்கு, அவ்வளவுதான் பெட்டி. ஒரு காலையில் ஒயர் தேடி அந்த ஓட்டைக்குள் கையை விட்டார். உள்ளே புள்ளி இருந்தது.

புள்ளி யார் வீட்டுப் பூனையும் இல்லை. வெள்ளை உடம்பு, நெற்றியில் கறுப்பாக ஒரு பொட்டு. மீன் வண்டி வரும் நேரத்தில் மட்டும் எல்லாருக்கும் சொந்தமாகிவிடும். அது அண்ணன் கையை நன்றாகப் பிராண்டிவிட்டது.

தெருவில் நின்ற நாங்கள் காதைப் பொத்திக்கொண்டோம். கொசு கடித்தாலே கோயில் மணி ஆடும்படி கத்துகிறவர். ஆனால் சத்தமே வரவில்லை. ரத்தம் கசிந்த விரலோடு வெளியே வந்தார். அந்த விரலையே உதட்டின் மேல் வைத்தார்.

"உஷ். புள்ளி பெத்திருக்கு. நாலு."

அவர் வாயிலிருந்து 'உஷ்' வந்ததை ஊர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது. எங்களில் பாதிப் பேருக்கு அதுவும் கேட்கவில்லை.

உடனே சட்டம் போட்டார். யாரும் குட்டிகளைத் தொடக் கூடாது. மனிதக் கை வாசனை பட்டால் தாய்ப்பூனை குட்டியை ஒதுக்கிவிடும் என்பது அவருடைய தீர்மானம். ஆசையாகப் போன பவியையும் வாசலிலேயே மறித்தார்.

"ஒரே ஒரு தடவ பெரியப்பா. தூக்கல்லாம் மாட்டேன், தொட்டுதான் பாப்பேன்."

"தொடறதுதான்மா தூக்குறதுக்கு அட்வான்ஸ். போ."

அதற்குப் பிறகு கடையே மாறிவிட்டது. ஆம்ப்ளிஃபயர் ஓடுகிறதா என்று விளக்கைப் பார்த்துத் தெரிந்துகொண்டார், பாட்டுப் போடவில்லை. காதுகுத்துக்கு மைக்செட் பேச வந்த பக்கத்து ஊர்க்காரர் கொஞ்ச நேரம் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, நீங்க பேசுறதே எனக்குக் கேக்கல. உங்க செட்டு எங்க பந்தலுக்கு எப்படிங்க கேக்கும்?" என்று சொல்லிவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்.

பாக்கியம் அண்ணிதான் பயந்துபோனார். "தொண்ட டாக்டர்கிட்ட காட்டணும் தம்பி. உப்பு போடாமலே குழம்பு வச்சுப் பாத்தேன். தலைய ஆட்டிக்கிட்டே சாப்புடுறாரு."

அந்த வாரக் கடைசியில் மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் பெய்து, வாய்க்கால் உடைத்துக்கொண்டு தெருவுக்குள் வந்தது. கடை இருப்பது பள்ளத்தில். சாயங்காலம் அண்ணன் சாக்கைக் கூம்பாக மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு என் வீட்டுக்கு ஓடி வந்தார். புள்ளி இரை தேடப் போயிருக்கிறது, தண்ணீர் பெட்டியைத் தொடப்போகிறது என்று அப்போதும் கிசுகிசுப்பாகத்தான் சொன்னார்.

"குட்டிய ஒரு துணியில போட்டுத் தூக்கிடலாம்ணே" என்றேன்.

"கை படக் கூடாது. பொட்டியோட தூக்கு."

அந்தப் பெட்டியைத் தூக்க எப்போதும் நாலு ஆள் வேண்டும். நாங்கள் இரண்டு பேர், முழங்கால் தண்ணீரில், ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மேட்டில் இருக்கிறது என் வீடு. பாலத்தில் ஏறும்போது பெட்டி சாய்ந்தது. ஒரு கறுப்புக் குட்டி வழுக்கிக்கொண்டு ஓட்டைக்கே வந்துவிட்டது. கண் திறக்காத குட்டி, கீழே ஓடும் தண்ணீர். கையை எடுத்தால் பெட்டி விழும். அண்ணன் யோசிக்கவே இல்லை. தன் முகத்தை ஓட்டைக்குள் வைத்து அடைத்துக்கொண்டார்.

அப்படியே என் வீடு வரை வந்தார். முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க அவருக்கு வழியில்லை. "எடப்பக்கம்ணே, படிண்ணே" என்று நான் சொல்லச் சொல்ல, பெட்டிக்குள்ளிருந்து "ம், ம்" என்று பதில் வந்தது. கூடத்தில் இறக்கி வைத்ததும் நிமிர்ந்தார்.

"கை படல தம்பி. நீதான் சாட்சி. மொகந்தான் பட்டுச்சு."

கறுப்புக் குட்டியின் நெற்றியில் அவர் விபூதி அப்படியே ஒட்டியிருந்தது.

குட்டிகள் பிழைத்துவிட்டன என்று நினைத்தோம். ஆனால் புள்ளி வரவில்லை. கடையில் பெட்டி இல்லை, மழையில் வாசனையும் இல்லை. இங்கே நாலும் பசியில் கத்த ஆரம்பித்தன. பவி கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு எல்லாரும் கேட்கும்படி வைத்தாள்.

"கை பட்டா ஒதுக்கிடும்னு பயப்படாதீங்க, பெரும்பாலும் அப்படி ஆவாது. அடிக்கடி தொந்தரவு பண்ணாதான் தாய் எடத்த மாத்தும். இப்ப குளிர்தான் ஆபத்து. துணி சுத்தி சூடா வைங்க. பசும்பால் ஊத்திடாதீங்க, வயிறு கெட்டுப்போவும். ரோட்டுல தண்ணி போவுது, என்னால வர முடியாது. ராத்திரிக்குள்ள தாயத் தேடிப் புடிங்க. இல்லன்னா கஷ்டம்."

அண்ணன் போன் பக்கம் குனிந்து, "சத்தம் போட்டுத் தேடலாங்களா? குட்டி பயந்துடாதே?" என்று கிசுகிசுத்தார்.

"அதுங்களுக்கு இன்னும் காதே தொறக்கலைங்க. ஒரு வாரம், பத்து நாள் ஆவும்."

அண்ணன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அப்ப இத்தன நாளு நான் கிசுகிசுன்னு பேசுனது யாருக்கு?"

அவரைத் தேடி என் வீட்டுக்கு வந்திருந்த அண்ணி சொன்னார்: "எனக்குன்னு வச்சுக்குங்களேன்."

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். சேர்த்து வைத்த குரலையெல்லாம் கூட்டி "புள்ளீ" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டார். வயலில் இருந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்தன. மழையோடு மழையாக இரண்டு கரையிலும் டீ ஆற்றினார்கள். வரப்பில் வெள்ளையாக ஏதோ நகர்ந்ததைப் பவி பார்த்தாள். புள்ளிதான். குரலைக் கேட்டதும் திரும்பி, தூரத்து மூங்கில் கொல்லைக்குள் ஓடி மறைந்துவிட்டது.

"என் சத்தத்துக்கு அது என்னைக்கும் ஓடுறதுதான்" என்று முணுமுணுத்தார். கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார்.

"குட்டி போட்ட பூனையாட்டம் சுத்துறீங்களே. பெத்தது அதுவா, நீங்களா?" என்றார் அண்ணி. சொல்லிக்கொண்டே குட்டிகளைச் சுற்றியிருந்த துணியை இழுத்து மூடினார்.

அண்ணன் சட்டென்று நின்றார். "அதுக்கு என் கொரல் வேணாம் தம்பி. இதுங்க கொரல்தான் வேணும். உன் டிராக்டர் பேட்டரியக் கழட்டு."

கரண்ட் இல்லை. கடை அலமாரியில் நனையாமல் இருந்த மைக்செட்டைத் தூக்கி வந்து, பேட்டரியில் ஆம்ப்ளிஃபயரை மாட்டினோம். ஊமத்தம்பூ மாதிரி வாய் விரிந்த குழாய் ஸ்பீக்கர் ஒன்றை என் வீட்டு மாடியில், மூங்கில் கொல்லையைப் பார்த்துக் கட்டினார். மைக்கைப் பெட்டிக்குள் குட்டிகளுக்குப் பக்கத்தில் பிடித்தார். முதலில் குழாய் வீலென்று ஊளையிட்டது. தெருநாய்கள் எல்லாம் ஊரை விட்டே ஓடின. அது நல்லதாகப் போயிற்று. பிறகு வந்தது குட்டிகளின் குரல், ஊருக்கே கேட்கும்படி.

ஊர் குடையோடு வந்து கூடியது.

"யாரு வீட்டுல மயிலு புடிச்சு வச்சிருக்கீங்க?"

"மயிலு இல்லப்பா, கன்னுக்குட்டி. வயித்துவலி போலருக்கு."

"ஏன் அலோ, என்னா ஏதுன்னு மைக்கில ஒரு வார்த்த சொல்லிப்புட்டுப் போடக் கூடாதா?"

அண்ணன் வாயை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். கையில் மைக் இருந்தும் அவர் அலோ சொல்லாமல் இருந்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஒரு கை வலித்தபோது மறு கைக்கு மாற்றிக்கொண்டார். மைக்கை வேறு யாரிடமும் தரவில்லை. குட்டிகளின் கத்தல் வரவர மெலிந்தது. அவர் மைக்கை இன்னும் கிட்டே கொண்டுபோனார். கூட்டம் மூங்கில் கொல்லைப் பக்கம் திரும்பி நின்றது.

"வருதுப்பா" என்றாள் பவி.

நனைந்து பாதியாகச் சுருங்கியிருந்தது புள்ளி. மதில் மேல் ஏறி, அங்கிருந்து மாடிக்குத் தாவியது. நேராகக் குழாயிடம் போய், அதன் வாய்க்குள் தலையை விட்டு எட்டி எட்டிப் பார்த்தது. நான் மாடிப்படியிலிருந்து சைகை காட்டினேன். அண்ணன் சுவிட்சை அணைத்தார். குழாய் ஊமையானதும், கீழே கூடத்திலிருந்து மெல்லிசாக நிஜக் குரல் கேட்டது. புள்ளி காதைத் திருப்பியது. எங்கள் எல்லார் காலுக்கும் நடுவில் புகுந்து பெட்டிக்கு வந்தது.

அண்ணன் விரலை நீட்டினார். மோந்து பார்த்துவிட்டுப் பிராண்டாமல் உள்ளே போனது. மூன்று குட்டிகள் உடனே மடியைக் கண்டுபிடித்தன. கறுப்புக் குட்டியை மட்டும் அது முகர்ந்தது, நிறுத்தியது, மறுபடி முகர்ந்தது. அண்ணன் என் தோளைப் பிடித்திருந்தார். அந்தத் தோள் இன்றைக்கும் மழை வந்தால் வலிக்கிறது. பிறகு புள்ளி நாக்கை நீட்டி, குட்டியின் நெற்றியிலிருந்த விபூதியை நிதானமாக நக்கித் துடைத்தது.

"ஏத்துக்கிச்சு" என்றார் அண்ணன். என் வீட்டு ஜன்னலெல்லாம் அதிர்ந்தன. குட்டிகள் பால் குடித்துக்கொண்டே இருந்தன. காது திறக்காததில் அப்படியொரு சௌகரியம்.

பிள்ளைகளே, பூனை குட்டி போட்டால் கொஞ்ச நாள் தள்ளி நின்றே பாருங்கள். தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால் தாய் உங்கள் கையை மோந்து பார்க்கட்டும், அதன் கண் முன்னால் தூக்கி, சீக்கிரம் திருப்பி வைத்துவிடுங்கள். பவி அப்படித்தான் பிறகு தொட்டாள். முகத்தை மட்டும் உள்ளே விடாதீர்கள். அது அண்ணனுக்கு மட்டும்தான் சரிப்படும்.

குட்டிகள் வளர்ந்து ஆளுக்கு ஒரு வீடாகப் போய்விட்டன. புள்ளி மைக்செட் கடையிலேயே தங்கிவிட்டது. இந்த வாரம் அண்ணனும் அண்ணியும் மகளைப் பார்க்க அதிராம்பட்டினம் போயிருக்கிறார்கள். பூனைக்குச் சோறு வைக்கும் வேலை எங்களுக்கு. இரண்டு டீக்கடையிலும் டீ மிஞ்சுகிறது. ஊர் ரொம்ப அமைதியாக இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை.

நேற்று நானும் பவியும் சோறு கொண்டுபோனபோது புள்ளி அந்தப் பக்கமே திரும்பவில்லை. கழற்றி வைத்திருந்த குழாயின் வாய்க்குள் தலையை விட்டு, எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.